பலகையின் பின்பக்கம்

முல்லர்-லையர் பலகையைக் கையில் பிடித்தவர்களுக்கு அதன் கனம் மறக்காது. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம். வெள்ளை அடித்த முகப்பில் ஒரு கறுப்புக் கோடு, இரு முனையிலும் அம்புத்தலை. அதை அடுத்து, ஒரு காடிக்குள் உள்ளும் புறமும் வழுக்கி நகரும் ஒரு சட்டம். அந்தச் சட்டத்தில் உள்ள கோட்டின் முனை மட்டும் இறகு போல வெளிப்புறம் விரிந்திருக்கும். இரண்டு கோடும் சமம் என்று கண் சொல்லும் இடத்தில் சட்டத்தை நிறுத்த வேண்டும். வேலை அவ்வளவுதான். பலகையின் பின்பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்று பதித்திருப்பார்கள். கண் சொன்னதற்கும் உள்ளதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அது காட்டும்.

1980களின் தொடக்கத்தில் நான் உளவியல் படித்த சென்னைக் கல்லூரியில் இந்தப் பலகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட பீரோவில் படத்தை நொடியின் சிறு பகுதிக்கு மட்டும் காட்டும் டாக்கிஸ்டோஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டியிருக்கும். லேப் அட்டெண்டர் அண்ணன் அதைத் துணியால் துடைத்து மேசையில் வைக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வார்: "பாத்து இழுங்கம்மா. காடி லூசாச்சுன்னா எல்லாருக்கும் ரீடிங் தப்பா வரும்." அளவீட்டுப் பிழை பற்றி நான் கேட்ட முதல் பாடம் அது. இன்றைக்கும் அதைவிடத் தெளிவாக நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இருவர் இருவராக உட்காருவோம். ஒருவர் எக்ஸ்பெரிமென்டர், மற்றவர் சப்ஜெக்ட். நகரும் கோடு வலப்பக்கம் இருக்கும்படி பாதித் தடவை, இடப்பக்கம் இருக்கும்படி பாதித் தடவை. நீளமான நிலையிலிருந்து குறைத்துக்கொண்டு வருவது பாதி, குட்டையிலிருந்து கூட்டிக்கொண்டு போவது பாதி. இடத்தால் வரும் சாய்வும் கையசைவால் வரும் சாய்வும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. சராசரிப் பிழை முறை என்று இதற்குப் பெயர். குஸ்தாவ் ஃபெக்னர் 1860இல் எழுதிய நூலில் வகுத்துத் தந்த முறைகளில் ஒன்று. ஜெர்மனியில் பிறந்த ஒரு வழிமுறை நூற்றிருபது ஆண்டு கழித்து மெரினாக் காற்று வீசும் ஒரு லேபில், ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் கட்டம் போட்டுக்கொண்டு, அப்படியே உயிரோடு இருந்தது.

எங்கள் பேராசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். கடைசி ரீடிங் முடியும்வரை சப்ஜெக்ட் பின்பக்கத்தைப் பார்க்கக் கூடாது. முடிந்ததும் அவரே வந்து பலகையைத் திருப்பிக் காட்டுவார். "பாரும்மா, உன் கண் கேட்டது இவ்வளவு" என்பார். சமம் என்று நாங்கள் சத்தியம் செய்யத் தயாராக இருந்த இரண்டு கோடுகளில் இறகு வைத்த கோடு வெகுவாகக் குட்டையாக இருக்கும். பலகையை மறுபடி முன்பக்கம் திருப்புவார். உண்மை தெரிந்த பிறகும் அவை சமமாகவே தெரியும். நான் உளவியலில் தங்கிவிட்டதற்கு அந்த ஒரு கணம் போதுமான காரணம். நான் கண்ணைத் திட்டலாம், மூளையைத் திட்டலாம், அளவுகோலை நூறு முறை பார்க்கலாம். பார்வை தன் முடிவை மாற்றிக்கொள்ளாது. ஃபிரான்ஸ் கார்ல் முல்லர்-லையர் 1889இல் இந்தப் படத்தை வெளியிட்டார். இது ஏன் நடக்கிறது என்பதில் இன்றுவரை ஒருமித்த விளக்கம் இல்லை. நான்கு சின்னக் கோடுகள் ஒரு துறையையே நூற்றுமுப்பது ஆண்டுக்கு மேலாக வேலை வாங்குகின்றன.

ஆனால் அந்தப் பலகையால் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. அதில் நீளம் மட்டும்தான் மாறும். அம்புத்தலையின் கோணம் தச்சர் செதுக்கியபடியே நிற்கும். கோணம் குறுகினால் ஏமாற்றம் கூடுமா, இறகு நீண்டால் என்ன ஆகும், அம்புத்தலையை மட்டும் வைத்துவிட்டு நடுக்கோட்டை எடுத்துவிட்டால்? முதுகலை படிக்கையில் இந்தக் கேள்விகள் என்னைத் தூங்கவிடவில்லை. ஐவரி கார்டு வாங்கி, ரோட்ரிங் பேனாவில் இண்டியன் இங்க் ஊற்றி, கோணமானியை வைத்து ஒவ்வொரு கோணத்துக்கும் ஓர் அட்டை வரைந்தேன். மை ஒரு இழை பரவினால் கோட்டின் முனை எங்கே முடிகிறது என்பதே மாறிவிடும். அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். பத்து மாணவிகளுக்குக் காட்டி முடிப்பதற்குள் அட்டைகளின் ஓரம் விரல் பட்டுப் பழுப்பேறிவிட்டது. ஆய்வேடு முடிந்தது. அட்டைகள் எங்கே போயின என்று தெரியாது. அவற்றோடு அந்த ஆய்வும் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். எண்கள் நூலகத்தில் இருக்கின்றன. எதைப் பார்த்து அந்த எண்கள் வந்தன என்பது இல்லை.

இது என் ஒருத்தியின் நிலைமை இல்லை. அந்தக் காலத்து ஆய்விதழ்களை எடுத்துப் பாருங்கள். படம் இப்படி இருந்தது என்று நான்கு வரி விவரிப்பு, ஓரமாக ஒரு சிறு உருவம். கோட்டின் தடிமன் என்ன, எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார்கள், சூழ்ந்த வட்டங்களின் பருமன் நடு வட்டத்தின் பருமனை மாற்றிக் காட்டும் எபிங்காஸ் படமானால், சுற்றியுள்ள வட்டங்களுக்கும் நடு வட்டத்துக்கும் இடைவெளி எவ்வளவு? பல கட்டுரைகளில் இருக்காது. நமக்கு வருவதோ ஜெராக்ஸின் ஜெராக்ஸ். அதில் அளவும் சுருங்கியிருக்கும். ஒருவர் எபிங்காஸ் வட்டங்களில் பெரிய மாயை கண்டேன் என்பார், இன்னொருவர் சிறியதுதான் என்பார். இருவரும் ஒரே படத்தையா காட்டினார்கள்? அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் விவாதம் பல ஆண்டுகள் ஓடும்.

இந்த இடைஞ்சல் எவ்வளவு பழையது என்பதற்கு நீலகிரியே சாட்சி. 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இருந்தார். அந்தத் தீவு மக்களுக்கு மாயைப் படங்களைக் காட்டி அளந்தார். பிறகு 1901-02இல் நீலகிரிக்கு வந்து அங்குள்ள பழங்குடியினரான தோடர்களிடம் அதே வகைச் சோதனைகளைச் செய்தார். தோடர்களின் புலன்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1905இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்காலஜியில் வந்தது. முல்லர்-லையர் படத்தில் தோடர்கள் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாக ஏமாந்தார்கள். கிடைக்கோட்டையும் செங்குத்துக் கோட்டையும் ஒப்பிடும் படத்தில் கூடுதலாக ஏமாந்தார்கள். நாகரிகத்தில் பின்தங்கியவர்கள் எல்லா விதத்திலும் எளிதில் ஏமாறுவார்கள் என்று அப்போது பலர் நம்பிய நம்பிக்கையில் இது சரியாக ஒரு விரிசல் போட்டது. தோடர் குடியிருப்பான மந்தில் உட்கார்ந்து ஒருவர் கோடுகளை அளந்தது இந்தத் துறையின் வரலாற்றில் ஒரு முக்கியமான நிகழ்வு என்று நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊட்டியிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு இதை நான் தவறாமல் சொல்கிறேன்.

ரிவர்ஸ் கண்ட வேறுபாடு உண்மையானதுதானா, காட்டிய படத்தால் வந்ததா என்று சோதிக்க அறுபது ஆண்டு ஆனது. மார்ஷல் சீகல், டொனால்ட் கேம்பல், மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் ஒரு வேலை செய்தார்கள். எல்லாருக்கும் ஒரே படங்கள் கொண்ட ஒரு சிறு புத்தகத்தைத் தயாரித்து, பல நாடுகளில் களப்பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களுடைய நூல் 1966இல் வந்தது. நேர்கோடும் செங்கோணமும் நிறைந்த அறைகளில் வளர்ந்தவர்கள் அம்புத்தலைகளை அறையின் மூலைகளாகப் படிக்கப் பழகிவிடுகிறார்கள் என்ற கருதுகோள் அதில்தான் விரிவாக வைக்கப்பட்டது. அந்தக் கருதுகோளின் மேல் சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்தப் புத்தகம். ஆப்பிரிக்காவில் இருப்பவரும் அமெரிக்காவில் இருப்பவரும் ஒரே படத்தைக் காட்ட வேண்டும், அதுவே முதல் வேலை என்று நினைத்தார்களே, அந்த நினைப்பு. இன்று மாயைப் படங்களை உருவாக்கும் மென்பொருளின் மூதாதை அந்தப் புத்தகம்தான்.

கணினி இந்தத் துறைக்குள் வந்த கதை வேறு பக்கத்திலிருந்து தொடங்குகிறது. ஹங்கேரியிலிருந்து 1956இல் அமெரிக்கா போன பேலா யூலெஸ், பெல் ஆய்வகத்தில் கணினியைக் கொண்டு இரண்டு சதுரங்களை அச்சிட வைத்தார். இரண்டிலும் தாறுமாறான கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். ஒன்றின் நடுப்பகுதியை மட்டும் சில புள்ளிகள் பக்கவாட்டில் தள்ளியிருந்தார். தனித்தனியே பார்த்தால் எதுவும் இல்லை. ஒரு கண்ணுக்கு ஒன்று என்று இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டினால் நடுவில் ஒரு சதுரம் மிதக்கும். அந்தக் கட்டுரை வந்தது 1960இல். கையால் ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரு சார்பும் இல்லாமல் யாராலும் வைக்க முடியாது. நம் கை தன்னையறியாமல் ஒரு வடிவத்தைப் போட்டுவிடும். மாயையை உருவாக்க இயந்திரம் கட்டாயம் வேண்டும் என்ற நிலை அங்கேதான் வந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நம் ஊரில் என்ன இருந்தது? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வி. எஸ். ராமச்சந்திரன், இரு கண் பார்வையைப் பற்றிய தன் ஆய்வை 1972இல் நேச்சர் இதழில் வெளியிட்டார். பின்னாளில், 1988இல், நிழல் படிந்த வட்டங்களை வைத்து அவர் செய்த ஆய்வு பாடப்புத்தகங்களில் ஏறியது. மேற்பாதி வெளிச்சமாகவும் கீழ்ப்பாதி இருட்டாகவும் உள்ள வட்டம் முட்டை போல் புடைத்துத் தெரியும். தலைகீழாகத் திருப்பினால் குழியாகிவிடும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று மூளை கேட்காமலே முடிவு செய்துகொள்கிறது. கருவி எளிமையாக இருந்தால் கேள்வியும் எளிமையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாணவர்கள் உபகரணம் இல்லை என்று முகம் வாடும்போது நான் இதைத்தான் எடுத்து வைப்பேன்.

எங்கள் துறைக்குக் கணினி வந்தது 1990களில். இனிமேல் எல்லாம் துல்லியம் என்ற எண்ணம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. மை பரவாது, காடி தேயாது. பிறகு ஒரு பயிலரங்கில், திரையின் மேல் ஒளிமானியை ஒட்டி வைத்து அளந்து காட்டினார்கள். திரையின் சாம்பல் நிறத்துக்கு 0 முதல் 255 வரை எண் கொடுக்கலாம். 128 கொடுத்தால் பாதி வெளிச்சம் வர வேண்டுமல்லவா? வரவில்லை. முழு வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வந்தது. பழைய குழாய்த் திரையில் மின்னழுத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல, ஏறத்தாழ 2.2 என்ற அடுக்கில் ஏறும் வளைவு. காமா என்பார்கள். கண்ணின் பிழையை அளக்க வாங்கிய இயந்திரம், தானே ஒரு பிழையைச் சுமந்துகொண்டு வந்து நின்றது. முன்பு மரப்பலகையில் நாங்கள் சந்தேகப்படவே தேவையில்லாத ஒன்றை, இப்போது மணிக்கணக்காக அளந்து, அட்டவணை போட்டு, திருத்தி எழுத வேண்டியிருந்தது.

வெளிச்ச மாயைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. எட்வர்ட் அடெல்சன் 1995இல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நிழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கட்டமும் வெளியே இருக்கும் கறுப்புக் கட்டமும் ஒரே சாம்பல். அதில் அந்த இரண்டு கட்டமும் திரையில் ஒரே வெளிச்சம்தான் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், நான் காட்டுவது மாயையா, கெட்டுப்போன திரையா? ஏமாற்றத்தை ஆராய்கிறவர் கருவியில் பொய் இருக்கவே கூடாது. இதற்காகவே வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர்கள் இருக்கிறார்கள். டெனிஸ் பெல்லி அவர்களில் ஒருவர். 256 படிகள் போதாது, கண் அதைவிட நுட்பமான வேறுபாட்டைக் காணும் என்பதற்காக, திரையின் மூன்று நிறச் சமிக்ஞைகளைக் கலந்து இன்னும் நுண்ணிய படிகளை உண்டாக்கும் வழியை அவரும் சக ஆய்வாளர் சாங்கும் 1991இல் வெளியிட்டார்கள். 1997இல் சைக்கோஃபிசிக்ஸ் டூல்பாக்ஸ் என்ற மேட்லேப் கருவித்தொகுப்பைப் பற்றி டேவிட் பிரெய்னார்டின் கட்டுரை வந்தது. மேட்லேப்பில் நாலு வரி எழுதினால் திரையின் எந்தப் புதுப்பிப்பில் எந்தப் படம் தோன்ற வேண்டும் என்று கட்டளையிடலாம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் குறைந்தது 16.7 மில்லிவினாடி நிற்கும். அதற்குக் கீழே யாரும் போக முடியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் டாக்கிஸ்டோஸ்கோப்பின் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று நாங்கள் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. மேட்லேப் வாங்கப் பணம் இல்லாத துறைகளுக்கு நாட்டிங்காமில் ஜோனதன் பியர்ஸ் தொடங்கிய சைக்கோபை பெரிய விடுதலை. பைத்தானில் எழுதியது, இலவசம், உள்ளே என்ன நடக்கிறது என்பதை யாரும் திறந்து படிக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று குறையாகவே இருந்தது. கோடு வரையும் ஆற்றல் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது. ஆனால் ஒவ்வொருவரும் தன் முல்லர்-லையரைத் தானே வரைந்துகொண்டார்கள். ஐவரி கார்டு போய் கணினி வந்ததே தவிர, என் அட்டை எனக்கு, உன் அட்டை உனக்கு என்பது மாறவில்லை.

என்னிடம் படித்து இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஒருநாள் இரவு போன் செய்தாள். "மேடம், ஒரு வரி அனுப்பறேன், ஓட்டிப் பாருங்க" என்றாள். வந்தது ஒற்றை வரி. ஓட்டினேன். திரையில் முல்லர்-லையர் நின்றது. "அதுல ரெண்டு நம்பர் இருக்கா மேடம்? முதல் நம்பர் உண்மை. ரெண்டாவது நம்பர் ஏமாத்து. தனித்தனியா மாத்திப் பாருங்க" என்றாள்.

அது பைலூஷன். சிங்கப்பூர் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மகோவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் எழுதிய பைத்தான் தொகுப்பு. 2021இல் பெர்செப்ஷன் இதழில் அதை அறிமுகப்படுத்தினார்கள். அதன் கருத்து ஒரே வாக்கியத்தில் அடங்கும்: ஒவ்வொரு மாயையிலும் இரண்டு அளவுகள் உண்டு, அவற்றைப் பிரித்து வை. ஒன்று, இரண்டு பொருளுக்கும் இடையே உண்மையில் உள்ள வேறுபாடு. பூஜ்யம் என்றால் கோடுகள் சமம். ஒன்று என்றால் ஒரு கோடு மற்றதைப் போல் இரு மடங்கு. மற்றது மாயையின் வலிமை. முல்லர்-லையரில் அது அம்புத்தலையின் கோணம், பாகையில். எபிங்காஸில் சுற்றியுள்ள வட்டங்களின் பருமன். பான்சோவில் தண்டவாளம் போல் குவியும் கோடுகளின் சாய்வு. கூட்டல் குறி, கழித்தல் குறி மாற்றினால், உண்மைக்கு எதிராக இழுக்கும் மாயை உண்மையின் பக்கமே இழுக்கத் தொடங்கும். டெல்போஃப், சோல்னர், பொக்கென்டார்ஃப் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வந்த பெயர்களெல்லாம் இந்த இரண்டு எண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

அன்றிரவு நான் உட்கார்ந்து கோணத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். முதுகலையில் ஒவ்வொரு கோணத்துக்கும் ஓர் அட்டையும் ஒரு மாலைப் பொழுதும் செலவழித்தவளுக்கு அது என்ன அனுபவம் என்று விளக்குவது கடினம். வேகம் அல்ல என்னைத் தொட்டது. ஓர் எண்ணை மட்டும் நகர்த்தும்போது மற்றது அசையாமல் நின்றது. கண் என்னை எவ்வளவு இழுத்தாலும் வேறுபாடு பூஜ்யம் என்று அந்த வரியில் எழுதியே இருந்தது. எங்கள் பேராசிரியர் கடைசிவரை மறைத்து வைத்த பின்பக்க அளவுகோல், இப்போது படத்தோடு சேர்ந்தே பிறக்கிறது. அதுவும் தொலையாது. அந்த ஒரு வரியைக் கோயம்புத்தூரில் ஒருவர் ஓட்டினாலும் சசெக்ஸில் ஒருவர் ஓட்டினாலும் அதே படம்தான். சீகலும் கேம்பலும் புத்தகம் அச்சடித்து அனுப்பியது எதற்காகவோ, அது ஒரு குறுஞ்செய்தியில் போய்ச் சேர்கிறது.

இதனால் ஒரு கேள்வியை இன்னும் துல்லியமாகக் கேட்க முடிகிறது. எனக்கு மிகப் பிடித்த கேள்வி. ஒரு மாயையில் அதிகம் ஏமாறுகிறவர் மற்ற மாயைகளிலும் அதிகம் ஏமாறுகிறாரா? ஒரு பலகையை வைத்துக்கொண்டு அதை நாங்கள் நினைத்தே பார்த்திருக்க முடியாது. லோசானில் மைக்கேல் ஹெர்சாக்கின் ஆய்வகம் 2017இல் வெளியிட்ட முடிவு, மாயைகளுக்கிடையே தொடர்பு மிகப் பலவீனம் என்றது. ஒவ்வொரு மாயையும் தனி வழியில் வேலை செய்கிறது என்று பொருள். மகோவ்ஸ்கி குழுவினர் இந்த மென்பொருளால் பத்து மாயைகளை உருவாக்கி, எந்தக் கோடு நீளம், எந்த வட்டம் பெரிது என்பது போன்ற கேள்விகளுக்குச் சட்டென்று பதில் சொல்லச் செய்து, தவறுகளையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் அளந்தார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் பொதுவான ஒரு காரணி இருப்பதற்குச் சான்று கிடைத்தது என்று 2023இல் எழுதினார்கள். யார் சொல்வது நிற்கும் என்பது போகப்போகத் தெரியும். பழைய காலத்துச் சண்டைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு: இப்போது ஒருவர் காட்டிய படத்தை மற்றவர் எடுத்துத் தானே காட்டிப் பார்க்கலாம்.

இதற்கு நாம் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். எங்கள் லேபில் சப்ஜெக்ட் எங்கே உட்கார்ந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். முகவாய்த் தாங்கியில் தாடையை வைத்து, திரையை 57 செ.மீ. தூரத்தில் நிறுத்துவோம், அந்தத் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் கண்ணில் ஒரு பாகையாகும் என்பதால் கணக்கு எளிது. இன்று ஆய்வுகள் இணையம் வழியே நடக்கின்றன. பங்கேற்பவர் பேருந்தில் நின்றபடி கைபேசியில் பார்க்கலாம், படுத்துக்கொண்டு மடிக்கணினியில் பார்க்கலாம். மென்பொருள் எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும், அவருடைய திரையில் ஒரு பிக்சல் எத்தனை மில்லிமீட்டர் என்று அதற்குத் தெரியாது.

இதற்குக் கண்டுபிடித்த வழி என்னை நெகிழவைத்தது. ஏடிஎம் கார்டை எடுத்துத் திரையின் மேல் வைக்கச் சொல்கிறார்கள். உலகம் முழுவதும் அந்த அட்டையின் அகலம் 85.60 மி.மீ. திரையில் தெரியும் செவ்வகத்தை அட்டையின் அளவுக்கு இழுத்துவிட்டால் திரையின் அளவு தெரிந்துவிடும். தூரத்துக்கு? ஒவ்வொரு கண்ணிலும் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அது பார்வையின் மையத்திலிருந்து சுமார் 13 முதல் 15 பாகை தள்ளி இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரிடத்தையே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டில் நகரும் புள்ளி எப்போது மறைகிறது என்று கேட்டால், கண் திரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுவிடலாம். 2020இல் வெளியான முறை இது. கண்ணின் பிழைகளை ஆராயும் ஒரு துறை, கண்ணுக்குத் தெரியவே தெரியாத ஓர் இடத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் முகவாய்த் தாங்கியின் இரும்புத் திருகைவிட நம்பகமாக அது இருக்காது. ஆனால் அது இல்லாமல் தூத்துக்குடியிலும் துருக்கியிலும் ஒரே நாளில் ஆய்வு நடத்த முடியாது.

ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இன்றைய மாணவர்கள் நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு எழுந்துபோகிறார்கள். மாயை அவர்களைத் தொடவே இல்லை. சமம் என்று எண் சொல்கிறது, சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணை நம்புவது வேறு, தன் கண் தன் எதிரே தோற்பதைப் பார்ப்பது வேறு. அந்த இரண்டாவது அனுபவம் இல்லாமல் ஒருவர் பார்வையைப் பற்றி ஆராயத் தொடங்கக் கூடாது என்பது என் திடமான எண்ணம். ஆகவே இப்போது நான் எடுக்கும் வகுப்புகளில் வேறுபாடு பூஜ்யம் வைத்து ஒரு படத்தைத் திரையில் நிறுத்தி, பதினைந்து செ.மீ. ஸ்டீல் ஸ்கேலைக் கையில் கொடுக்கிறேன். திரையில் வைத்து அளக்க வேண்டும். ஸ்கேலை எடுத்ததும் மறுபடி பார்க்க வேண்டும். "மேடம், ஸ்கேல் வெச்சா சமமா இருக்கு, எடுத்தா மாறிடுது" என்று போன ஆண்டு ஒரு பையன் மூன்று தடவை வைத்து வைத்து எடுத்தான். பக்கத்திலிருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். அவன் இனி இந்தப் பாடத்தை விடமாட்டான் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

ரெக்கார்டு நோட்டில் அப்பாரட்டஸ் என்ற தலைப்பை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை. முன்பு அதன் கீழே பென்சிலால் பலகையை வரைவோம். ஷேடிங் நன்றாக இருந்தால் எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் தனி மதிப்பெண் போடுவார். இப்போது அந்த இடத்தில் எழுத வேண்டியவை: மென்பொருளின் பெயர், வேறுபாடு, வலிமை, திரையின் அகலம் சென்டிமீட்டரில், கண்ணிலிருந்து தூரம். பதிப்பு எண்ணும் வேண்டுமா என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். கட்டாயம் வேண்டும் என்றேன். எழுதியவர்கள் அடுத்த பதிப்பில் கோட்டின் தடிமனை ஒரு பிக்சல் மாற்றியிருந்தாலும், உன் படத்தை மறுபடி உண்டாக்க நினைப்பவருக்கு எந்தப் பதிப்பைத் தேட வேண்டும் என்று தெரிந்தாக வேண்டும். அவள் நோட்டைத் திறந்து, பெயருக்குப் பக்கத்தில் பதிப்பு எண்ணைச் சேர்த்துக்கொண்டாள்.